மந்திரமூர்த்தி பிள்ளையின் இரண்டு சைக்கிள்கள்

மந்திரமூர்த்தி பிள்ளையைப் புதுச் சைக்கிள் வாங்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே ஒத்துக்கொள்வது மரியாதை.

அப்போது நான் சேரன்மகாதேவி தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெயர் அம்புரோஸ், சொந்த ஊர் புன்னக்காயல். கடலுக்குப் போகப் பயந்து மருந்து கலக்கப் படித்தவன் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பிள்ளைக்கு ஒரு அலமாரி உண்டு. தாலுகா போர்டில் அவருக்கு அம்மை குத்துகிற உத்தியோகம். கிண்டியிலிருந்து ரயிலில் வருகிற அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தைக் கண்ணாடிக் குழாய்களோடு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பிள்ளைகளின் புஜத்தில் நாலு கீறல் கீறிப் பாலைத் தடவுவார். ஏழாம் நாள் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். கீறின இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தால் குத்து பிடித்துவிட்டது, அந்தக் குழந்தையை அம்மை தொடாது. எழும்பாவிட்டால் குத்தியும் குத்தாத மாதிரிதான்.

ஊரில் அவருக்குக் குத்துப் பிள்ளை என்று பெயர். பாட்டனார் காலத்தில் பதினாறு கோட்டை விதைப்பாடு, இருபது ஏக்கருக்கு மேல், இருந்த குடும்பம். பங்காளிகள் கூடி மூன்று கோர்ட்டுகளில் வழக்காடி அதை வக்கீல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இவர் கைக்கு வந்தது கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அரைக்கோட்டை நிலம், பெரிய மீசை, யாரிடமும் அதட்டிப் பேச வராத ஒரு சுபாவம். மீசையைப் பார்த்துப் பயந்து அழுகிற பிள்ளைகள் அவர் வாயைத் திறந்ததும் அழுகையை நிறுத்திவிடும்.

அவருடைய பழைய சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியார் விட்டுவிட்டுப் போனது. மட்கார்டு இல்லை, விளக்கு இல்லை. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலைத் தூக்கிக்கொள்ளாவிட்டால் கால் போய்விடும். பிரேக் என்று இருந்தது ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டு. கையைப் பிடித்தால் அது முன் டயரின் தலையில் போய் உட்காரும். உட்கார்ந்த பிறகும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அதன் சத்தம். ஒரு மிதிக்கு ஒரு கீச்சு. நாலு வயலுக்கு அப்பால் வரும்போதே கேட்கும். அவர் சம்சாரம் கோமு அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சமையலை முடிப்பாள். கீச்சு மேலத்தெரு முனையில் திரும்பினால் அப்பளத்தை அடுப்பில் காட்டுவாள். அவர் கால் கழுவிவிட்டு உட்காரும்போது இலையில் சுட்ட அப்பளம் சூடாக இருக்கும். ஒரு நாள்கூட அது ஆறிப்போய் நான் பார்த்ததில்லை. நான் அடிக்கடி அங்கே சாப்பிட்டவன், அதனால் சொல்கிறேன்.

ஊர்களிலும் அந்தக் கீச்சு ஒரு வேலை செய்தது. அம்மை குத்துவது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பிடித்த காரியம் இல்லை. அம்மனோடு விளையாடுகிற வேலை என்று நினைத்தவர்களே அதிகம். கீச்சு கேட்டதும் பாதிப் பெண்கள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். பிள்ளை ஊர் முகப்பில் இறங்கி, கால் முகம் கழுவி, மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாழையிலைக்கு நடுவே சேலை தெரியும். தெரியாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஒருத்தரையும் துரத்திப் போகமாட்டார். முதல் தடவை மூன்று பிள்ளைகள் வந்தால், நாலாம் தடவை முப்பது வரும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது, வெளியாள் போகக் கூடாது. வேப்பிலையைக் கண்டால் பிள்ளை இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவைக் கடப்பார். உருட்டினால் பெடல் சுற்றிக் கீச்சிடும் என்பதற்காக. வெயிலில் சைக்கிளைச் சுமந்துகொண்டு போகிற மனிதரை முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். காரணம் தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அப்படிப் பெயர் எடுத்தவருக்கு 1911ஆம் வருஷம் பங்குனியில் அடி விழுந்தது.

அவர் வட்டத்தில் கடைசி ஊர் மேல ஆலடிப்பற்று. ஆற்றைத் தாண்டி, முக்கூடலையும் தாண்டி, கரிசல் காட்டோரத்தில் இருக்கிறது. அங்கே அன்னத்தாய் என்று ஒருத்தி, நாற்று நடுகிறவள். அந்த ஊரில் ஒளியாமல் தானாகக் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்த முதல் பெண் அவள்தான். மூன்று வயதுப் பையன். பிள்ளை நாலு கீறல் போட்டார். ஏழாம் நாள் போய்ப் பார்த்தால் நாலில் ஒன்றுகூட எழும்பவில்லை. பங்குனி வெயிலில் அம்மைப்பால் மூன்று நாள் தாங்கினால் அதிகம். அவர் பத்தமடையில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஊராக முடித்து, ஆலடிப்பற்றுக்குப் போய்ச் சேரும்போது பால் செத்துப்போயிருந்தது. புதுப் பாலுக்கு எழுதிப் போட்டார். வருவதற்குள் அந்த ஊரில் அம்மை விழுந்தது. பையன் ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

அன்று பிள்ளை ஆஸ்பத்திரி பின்கட்டில் வந்து உட்கார்ந்து, மேல்துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அம்புரோசு, நம்பிக் குடுத்தாவே அந்த அன்னத்தாயி. நான் போட்டது பால் இல்லவே, வெறும் தண்ணி.”

“நீரு என்னவே செய்வீரு? வெயிலு.”

“வெயிலு இல்லவே. நான் போய்ச் சேந்தது லேட்டு.”

அப்போதுதான் நான் சொன்னேன். பாளையங்கோட்டையில் ஒரு சாயபு கடையில் புதுச் சைக்கிள் வந்து நிற்கிறது, பிரீவீல் வைத்தது, மூன்று கியர், இரண்டு சக்கரத்துக்கும் பிரேக், செயினை மூடி இரும்புப் பெட்டி, கார்பைடு விளக்கு. நான் ஏறிப் பார்த்தேன். மிதித்துவிட்டுக் காலைச் சும்மா வைத்தால் அதுபாட்டுக்கு ஓடுகிறது. “இந்தச் சவத்த மிதிச்சுக்கிட்டு மூணு நாளு சுத்துத வட்டத்த அதுல ஒண்ணரை நாள்ல முடிச்சிரலாம், பிள்ளைவாள்” என்றேன்.

விலை நூற்று அறுபத்தைந்து ரூபாய். அவர் சம்பளம் பதினெட்டு. மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய் ஓரத்து அரைக்கோட்டை போனது. கோமு அழவில்லை, தடுக்கவும் இல்லை. “நெலத்த வித்து வக்கீலுக்குக் குடுத்த குடும்பத்துல, ஒரு நல்ல காரியத்துக்கு விக்கிதது இப்பதான். வித்துப் போடுங்க” என்றாள். பழைய சைக்கிளை எனக்குச் சும்மா கொடுத்துவிட்டார்.

ஆனியில் புதுச் சைக்கிள் வந்தது. கறுப்பு பளபளவென்று, ஹாண்டில் பாரில் முகம் பார்க்கலாம். தெருவே கூடி வந்து தொட்டுப் பார்த்தது. அது நல்ல சைக்கிள்தான். அதன்மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் இரண்டு ஊர் முடிந்துவிடும். மறுநாள் ஆலடிப்பற்றுக்குப் போய்ச் சேரும்போதும் பால் உயிரோடு இருந்தது. ஒரே தொல்லை அதன் கனம். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் பழையதைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்தவர், புதியதைக் கடத்தத் துறையில் நிற்கிற யாரையாவது துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. உருட்டினால் செயின் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

அது சத்தமில்லாமல் ஓடியது. அதை நாங்கள் ஒரு சிறப்பாகவே நினைத்தோம். ஊர்களில் யாருக்கும் அவர் வருவது தெரியாது. அடுப்படியில் இருக்கிறவள் தலையைத் தூக்கிப் பார்த்தால் வாசலில் மீசை நிற்கும். ஓட நேரம் ஏது? குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் அவர் குத்தின எண்ணிக்கை இரண்டு மடங்கானது. மேலே இருந்த இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை அதை என்னிடம் இரண்டு தடவை காட்டினார். மனிதர்தானே. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கோமுவின் அப்பளம் மட்டும் தினமும் ஆறிப்போயிற்று, அல்லது அவர் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தது. “பூனை மாதிரி வாரிய, நான் என்னத்தக் கண்டேன்?” என்பாள்.

நான் பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அந்தக் கீச்சு என் மானத்தை வாங்கியது. ஆஸ்பத்திரி விளக்கெண்ணெயை அங்கங்கே விட்டு, பெடலைக் கழற்றி உள்ளே உருளுகிற இரும்புக் குண்டுகளை மாற்றி, செயினை ஊறவைத்து, இரண்டு மாதத்தில் அதன் வாயை அடைத்துவிட்டேன். நான் பார்த்த வைத்தியத்தில் அப்படிப் பூரண குணம் கண்ட கேஸ் வேறு இல்லை.

அந்தப் புரட்டாசியில் அன்னத்தாய்க்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிள்ளைக்கு அந்தக் குழந்தையின்மேல் ஒரு கண். ஆறு மாதம் முடியட்டும், பங்குனிச் சுற்றில் முதல் குத்து அதற்குத்தான் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகளை ரிஜிஸ்டருக்காகக் குத்தினார் என்றால், அந்த ஒன்றைத் தனக்காகக் குத்த வேண்டும் என்றிருந்தார்.

பங்குனி வந்தது. மாசிச் சுற்றில் குத்தினவர்களைப் பார்ப்பதற்காக மாதப் பிறப்பன்று ஆலடிப்பற்றுக்குப் போனார். நடுப்பகல். தெருக்கோடியில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை. வழக்கம்போல இறங்கினார். சைக்கிளைத் தோளில் தூக்கப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. துணைக்கு ஆள் இல்லை. இதுதான் சத்தமே போடாதே என்று பையத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

மிதிக்காமல் தள்ளினால் பிரீவீல் ஒரு சத்தம் போடும். கிணுகிணு, கிணுகிணு என்று. ஏறி ஓட்டுகிறவன் காதுக்கு அது பெரிதாகப் படாது. காக்கைகூடக் கத்தாத நடுப்பகலில், தாளிப்புச் சத்தம்கூட இல்லாத வீட்டுக்குள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? சலங்கை கட்டின கால் ஒன்று வாசலோடு நடந்து போகிற மாதிரிக் கேட்கும். பிள்ளையின் காலடியும் அதோடு கேட்கும். தெருக்கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் அந்தச் சலங்கை நடந்து போனதை ஐந்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மூன்றாம் நாள் அந்த ஐந்தில் மூன்று வீட்டில் அம்மை கண்டது.

அது முன்னமே உடம்பில் புகுந்திருந்த அம்மை, பன்னிரண்டு நாள் உள்ளே இருந்துதான் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும். அவர்களுக்கு யார் சொல்வது? நான் அவர்களைப் பரிகாசம் செய்யவும் மாட்டேன். எங்கள் ஊரில் அம்மை வந்தால் செபஸ்தியார் சுரூபத்தைத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போவோம். நானும் தோள் கொடுத்தவன்தான்.

அடுத்த வாரம் புதுப் பால் வந்ததும் பிள்ளை ஓடினார். ஊர் முகப்பில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைக் கயிறு. மஞ்சள் தடவிக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டினால் அம்மன் இறங்கும்வரை வெளியாள் உள்ளே வரக் கூடாது. கயிற்றுக்கு உள்ளே தலையாரி கம்போடு நின்றான்.

“அய்யா, கோவிச்சுக்கிடாதிய. ஒங்க வண்டிக்குப் பின்னால அம்மா சலங்கை கட்டி வந்தா. ஊரே கேட்டிருக்கு. நீங்க போயிருங்க.”

“ஏலே, அது வண்டிச் சத்தம்லே. இந்தா, தள்ளிக் காட்டுதேன் பாரு.”

தள்ளிக் காட்டினார். கிணுகிணுவென்றது. அதோடு காரியம் கெட்டது. கயிற்றுக்குப் பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் பிள்ளைகளின் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் அன்னத்தாயும் ஓடினாள். ஆறு மாதக் குழந்தை அவள் தோளில் இருந்தது. அந்தக் குழந்தைக்கு இன்னும் குத்துப் போடவில்லை. நாலு வீடு தள்ளி அம்மை இருக்கிறது.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னால், “போலீஸ்காரனைக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்துவிட்டுக் குத்து” என்றார். பிள்ளை அங்கே நிற்காமல் கிளம்பினார். நேரே என் வீட்டுக்கு வந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

“பழசு எங்கவே?”

கொண்டுவந்து நிறுத்தினேன். ஏறி ஒரு சுற்றுச் சுற்றினார். சத்தமில்லை. இறங்கி என்னை அவர் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

“இந்தச் சத்தத்த என்னவே செஞ்சீரு?”

“சரி பண்ணிட்டேன்லா” என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஊர் நம்பினது பழைய கீச்சைத்தான்.

ஒரு சைக்கிளைச் சரி பண்ணுவதைவிடக் கெடுப்பது கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வீட்டு முற்றத்தில் வைத்து மண்ணெண்ணெயை ஊற்றிச் செயினைக் கழுவினோம். ஆற்று மணலைக் கொண்டுவந்து போட்டோம். அவர் ஏறி மேலத்தெரு முனைக்குப் போய்த் திரும்பி வந்தார். கரகரவென்றது.

“இது இல்ல” என்று கோமு அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

பின்சக்கரத்தில் மணல் போட்டோம். உறுமியது. “அதுவும் இல்ல. அது கழுதைல்லா கத்துது.” சீட்டு ஸ்பிரிங்கைத் துடைத்தோம். “இல்ல.” இரண்டு உத்தியோகஸ்தர்கள் முழங்கை வரைக்கும் கறுப்பாக நின்றுகொண்டு ஒரு சைக்கிளை நோயாளியாக்குவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் இடது பெடலைக் கழற்றி, நான் போட்ட புதுக் குண்டுகளை எடுத்துவிட்டுப் பழைய தேய்ந்த குண்டுகளையே போட்டு, உலரத் துடைத்து மாட்டினேன். அவர் தெரு முனைக்குப் போய்த் திரும்பினார். ஒரு மிதிக்கு ஒரு கீச்சு.

உள்ளேயிருந்து சுட்ட அப்பளத்தின் வாசனை வந்தது. கோமு தட்டோடு வாசலுக்கு வந்து, “இப்பச் சரி” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒருவேளை புகையாக இருக்கும்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது கிளம்பினார். பால் குழாய்களை ஈரத்துணியில் சுற்றி, ஈரமணல் போட்ட புது மண்கலயத்துக்குள் வைத்து முதுகில் கட்டிக்கொண்டார். நானும் லீவு சொல்லிவிட்டுப் புதுச் சைக்கிளில் கூடவே போனேன். பத்தமடைப் பக்கம் திரும்பாமல் அவர் நேரே ஆற்றுத்துறைக்கு விட்டார்.

“பத்தமடைதானே மொதல்ல?” என்றேன்.

“அங்க நாளைக்குப் போகலாம்வே. இந்த வண்டில எல்லா ஊரையும் முடிச்சுட்டு ஆலடிப்பற்றுக்குப் போனா, பால் தாங்குமா?”

ஆற்றில் அவர் தோளில் பழையதைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் புதியதோடு துறையில் ஆள் தேடிக்கொண்டு நின்றேன். ஆலடிப்பற்றுக்கு அரை மைல் முன்னால் அதை ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டு நடந்தேன். அந்தக் கிணுகிணுவை அந்த ஊர்க் காற்றில் விட எனக்கே பயமாக இருந்தது.

நான் போய்ச் சேரும்போது கயிற்றுக்கு வெளியே பிள்ளை கால் கழுவி, பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஊருக்குள்ளே அரவமில்லை. தலையாரி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். வாழைத்தோட்டத்தில் சேலைகள் தெரிந்தன. பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் கலயத்தின்மேல் மறுபடியும் மறுபடியும் தண்ணீர் தெளித்தேன். உள்ளே பால் எவ்வளவு நேரம் தாங்கும்? மீசையில் வேர்வை சொட்டியும் அவர் அசையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அன்னத்தாய் வாழைக்குள்ளிருந்து வராமல் தெருவோடு நேராக நடந்து வந்தாள். கயிற்றுக்கு உள்பக்கம் நின்று, குழந்தையின் சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, அந்தச் சின்னக் கையைக் கயிற்றுக்கு மேலே நீட்டினாள். வெளியாள் உள்ளே வரவில்லை, உள்ளாள் வெளியே போகவில்லை. காப்புக்கு ஒரு பங்கமும் இல்லை. தலையாரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கயிறு குழந்தையின் கையில் உரசாமல் கம்பால் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான்.

பிள்ளை எழுந்து கயிற்றருகே வந்தார். “அன்னத்தாயி, மூத்தவனுக்கும் நான்தான் போட்டேன். இதே வண்டிலதான் வந்தேன்” என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பது என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

“தெரியும் அய்யா.” அவள் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. “அப்பல்லாம் நீங்க வாரது எங்களுக்கு முன்னாலயே தெரியும். ஒளியுதவளுக்கு ஒளிய நேரம் குடுத்திய. புது வண்டில வந்து அடுப்படி வாசல்ல நின்னப்ப, எனக்குப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடணும்னுதான் வந்துச்சு. இன்னைக்கி ஓட நேரம் இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தேன். வந்துட்டேன். போடுங்க.”

நாலு கீறல் போட்டார். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வாழைத்தோட்டத்தில் சேலைகள் அசைந்தன. அன்று மத்தியானத்துக்குள் கயிற்றுக்கு மேலே பதினெட்டுக் கைகள் நீண்டன. எண்ணிக்கை பெரிது இல்லை. இன்ஸ்பெக்டர் அதற்கு ஒன்றும் எழுதவில்லை.

பிறகு ஏழு நாள். அந்த ஏழு நாளும் பிள்ளை வேலையைப் பார்த்தார், சாப்பிட்டார். இந்தப் பாலும் வெயிலில் செத்திருந்தால்? எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைத்தேன். குழந்தை இந்துக் குழந்தை. மாதா அதையெல்லாம் பார்க்கமாட்டாள் என்று நம்பினேன்.

ஏழாம் நாள் அவர் தனியாகப் போனார். சாயங்காலம் நான் ஒருவனுக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தெருவில் கீச்சுக் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போட்ட கட்டையே மறுபடியும் அவிழ்த்துக் கட்டினேன். அவர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நாலும் பிடிச்சிருக்கு. நாலும் முத்து முத்தா எழும்பியிருக்கு.”

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். காலில் கட்டுப் போட்டவனை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் அவர் அலமாரியைத் திறந்து ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முதல் ஏட்டில் பத்தமடை. கடைசி ஏட்டில் மேல ஆலடிப்பற்று. எந்தக் காலத்திலோ எந்தக் குமாஸ்தாவோ எழுதி வைத்த வரிசை. பதினொரு வருஷமாக அந்த வரிசையில்தான் அவர் போய்க்கொண்டிருந்தார்.

“அம்புரோசு.”

“சொல்லும்.”

“கிட்ட இருக்க ஊருக்கு மூணாம் நாளும் போகலாம்வே, பால அதுவர நெழல்ல வச்சிருந்து ராத்திரிக் குளிர்லயே கொண்டு போயிரலாம். தூரத்து ஊருக்குத்தான் மொத நாளே போயிருக்கணும். கடைசி ஏட்டுல இருந்து ஆரம்பிச்சிருந்தா அந்தப் பய இன்னைக்கி இருப்பான். அதே பழைய வண்டிலயே போயிருக்கலாம்வே.”

ஒரு வருஷம் நாங்கள் இருவரும் சைக்கிளைப் பற்றியே பேசியிருந்தோம். பழசா புதுசா, பிரீவீலா கியரா என்று எத்தனை பேச்சு. அரைக்கோட்டை நிலம் போயிற்று. ரிஜிஸ்டரைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு படித்த மண்டைகளுக்கும் தோன்றவே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட வந்தது.

புதுச் சைக்கிளை ஆடியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு விற்றார். குடும்பத்து நிலம் கடைசியில் கோர்ட்டுப் பக்கமே போய்ச் சேர்ந்தது என்று கோமு சிரித்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், பென்ஷன் வாங்குகிறவரை, பிள்ளை அந்தக் கீச்சோடுதான் போனார். நான் அதற்கு எண்ணெய் போடவில்லை.

அன்னத்தாயின் மகளுக்கு முக்கூடலில் கலியாணம் ஆனபோது எங்கள் இருவருக்கும் பாக்கு வைத்து அழைத்தார்கள். மாலை எடுத்துக் கொடுத்தபோது மணப்பெண்ணின் புஜத்தில் நாலு தழும்பு தெரிந்தது. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, பந்திக்கு உட்காராமல், மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் போய் நின்றார். நான் தேடிக்கொண்டு போனேன். மேல்துண்டு வாயில் இருந்தது.

“மூத்தவனுக்கு இப்ப இருபத்திநாலு வயசு இருக்கும்வே” என்றார்.